நாங்களும் நாமும்

பிறர் பேசும் மொழியைக் கேட்டு நகைப்பது மனிதனின் மிகப் பழைய பொழுதுபோக்குகளுள் ஒன்று. தம் மொழி அறியாதவர் பேச்சு 'பர், பர்' என்று காதில் விழுந்ததால், பண்டைக் கிரேக்கர் அவர்களை 'பார்பரோஸ்' என்று அழைத்தனர். அதுவே பின்னாளில் ஐரோப்பிய மொழிகளில் காட்டுமிராண்டியைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. நாமும் சளைத்தவர்கள் அல்லர். செந்தமிழ் நிலத்துக்கு வெளியே வழங்கியதற்குக் 'கொடுந்தமிழ்' என்று பெயர் வைத்தோம். அங்கே 'கொடு' என்பது வளைந்தது, கோணலானது என்று பொருள்படும். நம் நாக்கு நேரானது, பிறர் நாக்குக் கோணலானது என்ற எண்ணம் எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

கள்ளக்குறிச்சிக்காரனாகிய எனக்கு இந்த நகைப்பு பிறவியிலேயே கிடைத்த சொத்து. வெளியூரில் யாரேனும் ஊர்ப்பெயர் கேட்டுச் சொன்னால், 'கள்ள' என்ற முதற் பகுதியிலேயே அவர் முகத்தில் ஒரு குறுநகை அரும்பிவிடும். 'குறிச்சி' என்பது குறிஞ்சி நிலத்து ஊருக்கு இலக்கியம் தந்த பெயர் என்பதை விளக்குவதற்குள், அவர் தம் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துச் சிரித்து முடித்திருப்பார். 2019 நவம்பரில் எங்கள் ஊர் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. பதவி உயர்ந்தும் அந்தக் குறுநகை குறையவில்லை.

ஊர்ப்பெயர்களின் வேடிக்கைக்கு அரசும் ஒருமுறை தன் பங்கைச் செலுத்தியது. தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றி 2020 ஜூன் மாதம் ஆணை ஒன்று வெளியாயிற்று. நோக்கம் நல்லதே. ஆனால் வேலூருக்கு அளித்த புதிய ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தவர்கள் 'வீலூர்' என்றார்கள். சில நாள்களிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஒரு மொழியின் ஒலியை இன்னொரு மொழியின் சட்டைக்குள் திணித்தால் எங்கேனும் பொத்தான் தெறிக்கத்தான் செய்யும்.

வெளியாரைச் சொல்வானேன்? நம் வீட்டுக்குள்ளேயே வேடிக்கைகள் மலிந்து கிடக்கின்றன. 'திருப்பலி' என்று நாம் சொல்லப் பழகிப் பல ஆண்டுகள் ஆகியும், எங்கள் பக்கத்துக் கிராமங்களில் முதியவர்கள் இன்றும் 'பூசைக்குப் போறேன்' என்றுதான் சொல்வார்கள். அதே சொல்லை வகுப்பறையில் வைத்துப் பாருங்கள்: 'வாத்தியார் இன்னைக்கு நல்லா பூசை குடுத்தார்' என்றால் முதுகைத் தடவிக்கொள்ள வேண்டும். கம்பரிடம் போனாலோ கதையே வேறு. இராமகாதை பாட முற்பட்ட தம் ஆசையை, பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட விரும்பிய ஒரு 'பூசை'யின் ஆசைக்கு ஒப்பிடுகிறார் அவர். அங்கே பூசை என்றால் பூனை! மலையாளத்தார் இன்றும் பூனையைப் 'பூச்ச' என்றே அழைக்கின்றனர்.

'பாவம்' என்ற சொல்லையும் சற்று எண்ணிப் பாருங்கள். தமிழ் கற்க வந்த வெளிநாட்டார் ஒருவர், ஞாயிறு மறையுரையில் 'பாவம்' என்றால் இறைவனுக்கு எதிரான குற்றம் என்று கற்றுக்கொள்கிறார். மறுநாள் தெருவில் கால் இடறி விழுந்த மூதாட்டியைப் பார்த்து எல்லோரும் 'ஐயோ பாவம்!' என்கிறார்கள். அந்த அம்மையார் அப்படி என்ன குற்றம் செய்தார் என்று அவர் திகைக்க மாட்டாரா? குற்றத்துக்கும் இரக்கத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது. வேடிக்கைதான். ஆயினும், தவறியவனைப் பார்த்துச் சினப்பதற்கு முன் ஒரு கணம் இரங்கவும் வேண்டும் என்பதை அச்சொல்லே நினைவூட்டுவதாக எனக்குத் தோன்றுவதுண்டு.

அடுத்து, பங்குத்தந்தையின் அறைக்குள் நுழைவோம். மேசை, அலமாரி, சாவி, சன்னல் என்று கண்ணில் படும் பொருள்களின் பெயர்களெல்லாம் போர்த்துக்கீசியர் வழி வந்தவை. முற்காலத்தில் அவரையே குறித்த 'பாதிரி' என்ற சொல்லும் அவ்வழியே வந்தது. திருவிழாவில் நாம் போடும் 'ஏலம்', கோவில் சுவரைப் பூசும் 'மேஸ்திரி' ஆகியனவும் அப்படியே. 'அலமாரிச் சாவியை எடு' என்று சொன்னால், அதில் தமிழென்று எஞ்சுவது 'எடு' ஒன்றுதான். இருந்தும் அதை அந்நியம் என்று எந்தக் காதும் உணர்வதில்லை. இலங்கைத் தமிழர் ரொட்டியைப் 'பாண்' என்றும், காலணியைச் 'சப்பாத்து' என்றும் சொல்லும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. அவையும் போர்த்துக்கீசியம் தந்த சொற்களே. அவர்களுக்கு அண்டை வீட்டாரான சிங்களவர் வாளியைப் 'பால்தியா' என்பதும் போர்த்துக்கீசியரின் 'பால்தே' தான். இந்த வாளியைச் சற்று நினைவில் வைத்திருங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

ஒரே சொல் பல வீடுகளுக்கு வாழ்க்கைப்பட்டுப் போவதும் உண்டு. புகுந்த வீட்டுக்கு ஏற்ப அதன் குணம் மாறிவிடும். 'சம்சாரம்' வடமொழியில் உலக வாழ்வு, தெலுங்கில் குடும்பம், தமிழ்ப் பேச்சில் மனைவி, மலையாளத்தில் வெறும் பேச்சு. கேரள நண்பர் ஒருவர் 'உங்களோடு கொஞ்சம் சம்சாரிக்க வேண்டும்' என்றால் பதற வேண்டாம், பேச விரும்புகிறார், அவ்வளவே. 'அவசரம்' நமக்குப் பரபரப்பு, தெலுங்கருக்குத் தேவை, இந்திக்காரருக்கு வாய்ப்பு. நம் பங்குகளில் 'ஆலோசனைக் கூட்டம்' கூட்டுகிறோம். இந்தியில் 'ஆலோசனா' என்றால் குறைகூறுவது. சில பங்குகளின் கூட்டங்களுக்கு இந்திப் பொருளே பொருத்தம் என்று குறும்புக்காரர் சொல்லக்கூடும்! 'சிட்சை' என்று நாம் எழுதும் வடசொல் தில்லியில் கல்வியாகவும், மராத்தியிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் தண்டனையாகவும் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே என்பான் பள்ளிச் சிறுவன்.

எங்கள் பகுதி மருந்தகம் ஒன்றில் பணியாற்ற வந்த கேரளத்து அருட்சகோதரி, முதல் வாரத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்று 'கொஞ்சம் வெள்ளம் வேணும் அம்மா' என்றார். கோடைக்காலம். கிணறு வற்றிக் கிடந்த அந்த வீட்டுப் பாட்டி, 'குடிக்கவே தண்ணி இல்ல சிஸ்டரம்மா, வெள்ளத்துக்கு எங்க போறது?' என்றார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர் என்பது தெரிந்தபோது இருவரும் சேர்ந்து சிரித்த சிரிப்பை நான் அருகிலிருந்து கேட்டேன். அந்தச் சகோதரிக்கும் ஒரு சிரிப்பு பாக்கி இருந்தது. சேலம் சாலைப் பேருந்துகளில் காரிப்பட்டி, பாப்பிரெட்டிப்பட்டி என்று ஊர்ப்பெயர்களைப் படிக்கும்தோறும் அவர் முகத்தை மூடிக்கொள்வார். மலையாளத்தில் 'பட்டி' என்றால் நாய்!

தமிழிலிருந்து புறப்பட்டுப் போன சொல்லும் வழியில் உருமாறியிருக்கிறது. அரசர் சாலமோனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களுள் ஒன்றாக விவிலியம் குறிக்கும் 'துக்கீம்' என்ற எபிரேயச் சொல், மயிலைக் குறித்த நம் 'தோகை'யே என்று கால்டுவெல் எழுதினார். இன்றைய எபிரேயத்தில் 'துக்கி' என்றால் கிளி. மயிலாகக் கப்பலேறியது கிளியாக மாறி அமர்ந்திருக்கிறது!

'நம் தமிழில் மட்டும் எல்லாம் ஒழுங்கு' என்று மார்தட்டுவோர் எண்களைச் சொல்லிப் பார்க்கட்டும். எட்டு, எண்பது, எண்ணூறு என்பது சீரான வரிசை. ஒன்பது வந்ததும் வரிசை குலைகிறது. ஒன்பதுக்குள் 'பது' இருக்கிறது, ஆனால் அது பத்தின் மடங்கு அன்று. தொண்ணூறில் 'நூறு' இருக்கிறது, அது நூற்றுக்குக் குறைவு. தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' இருக்கிறது, அது ஆயிரத்தை எட்டவில்லை. ஒன்பதுக்குத் 'தொண்டு' என்றொரு பழம்பெயரும் இருந்தது. அந்தக் குடும்பத்தார் எல்லோரும் தம் சம்பளத்துக்கு ஒரு படி மேலான பதவிப் பெயரைச் சூட்டிக்கொண்டு திரிகிறார்கள்! புதுவையில் கேட்கும் பிரெஞ்சுக்கும் இந்தத் தடுமாற்றம் உண்டு. எண்பதுக்கு 'நான்கு இருபது' என்பார்கள். தொண்ணூற்றேழுக்கு 'நான்கு இருபது பதினேழு'. செருமானியரோ 'ஏழும் தொண்ணூறும்' என்று பின்னாலிருந்து எண்ணுவார்கள். கடைக்காரரிடம் சில்லறை வாங்க எல்லா நாட்டாரும் ஏதோ ஒரு வகையில் தலையைச் சுற்றிக் காதைத் தொடுகிறார்கள்.

எழுத்திலும் இடர் இருந்தது. முற்காலத்தில் குறில் எகரத்துக்குத் தலையில் புள்ளி வைப்பார்கள். நெடிலுக்குப் புள்ளி இல்லை. ஓலையில் புள்ளியிட்டால் கிழியும் என்று எழுதுவோர் அதை விட்டுவிடுவதுண்டு. விளைவு என்ன? எழுதியிருப்பது 'எரி'யா, 'ஏரி'யா என்று படிப்பவர் ஊகிக்க வேண்டும். நெருப்புக்கும் நீருக்கும் வேறுபாடு தெரியாத நிலை! இந்தக் குழப்பம் தீர ஏகார ஓகாரங்களுக்கு இன்றைய வடிவம் தந்தவர் வீரமாமுனிவர் என்பர். இத்தாலியில் பிறந்து 1710-இல் இந்தியாவுக்கு வந்த அவர், எங்களுக்கு அண்மையில் விருத்தாசலம் பக்கத்துக் கோனான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பினார். அந்நிய நாக்கோடு வந்தவரைப் பார்த்து அன்று எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்! அவரோ தமிழைக் கற்று, பரமார்த்த குருவின் கதையை எழுதித் தமிழரையே சிரிக்க வைத்தார். சிரிப்புக்கு ஆளாக வேண்டியவர் சிரிப்பைப் பரிமாறுபவராக மாறியது ஒரு பெரிய வெற்றி.

நம் மொழியில் நான் மிகவும் போற்றும் வினோதம் ஒன்றுண்டு. ஆங்கிலம், பிரெஞ்சு முதலிய ஐரோப்பிய மொழிகளில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல். தமிழிலோ இரண்டு: 'நாம்', 'நாங்கள்'. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். அவரை வெளியே நிறுத்திவிட்டால் நாங்கள். இதனால் மொழிபெயர்ப்பாளர்கள் பட்ட பாடு சிறிதன்று. ஆண்டவர் கற்பித்த செபத்தில் இறைவனை 'எங்கள்' தந்தை என்கிறோம். 'நம்' தந்தை என்பதில்லை. பேசுவது இறைவனோடு அன்றோ? 'நம்' என்றால் அவரும் பிள்ளைகளின் வரிசையில் வந்து நின்றுவிடுவார்! ஆங்கிலத்தாருக்கு இந்தச் சிக்கல் இல்லை, வேறொன்று உண்டு. பழைய ஆங்கில செபங்களில் இறைவனை விளிக்கும் 'தௌ' என்ற சொல்லை இன்று பலர் மிக உயர்ந்த மரியாதைச் சொல் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது நெருங்கியவரை அழைக்கும் 'நீ' தான்.

நாம், நாங்கள் என்ற வேறுபாடு சிரிப்புக்கும் பொருந்தும் என்பதே நான் சொல்லவந்த செய்தி. அருட்சகோதரியும் பாட்டியும் சிரித்தது 'நாம்' சிரிப்பு. இன்னொரு வகைச் சிரிப்பையும் நான் நேரில் கண்டதுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் சமவெளிப் பள்ளி ஒன்றின் தமிழ் மன்ற விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். மாணவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டனர். விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு சிறுவன் எழுந்து, 'நான் மலையாளிங்க ஐயா, வெள்ளிமலைப் பக்கம்' என்றான். பின்வரிசையிலிருந்து 'எந்தா சேட்டா?' என்று ஒரு குரல் எழுந்தது. வகுப்பே சிரித்தது. கல்வராயன் மலையில் வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பது பொருள். அவர்கள் பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு என்று நான் எழுந்து விளக்கினேன். சிரிப்பு நின்றது. குனிந்த தலை நிமிரவில்லை.

விழா முடிந்தபின் அவனைத் தேடிச் சென்று, 'தம்பி, அடிக்கடி இப்படித்தான் நடக்குமா?' என்று கேட்டேன். 'பழகிப்போச்சுங்க ஐயா. வெளியில யாராச்சும் கேட்டா இப்பல்லாம் கள்ளக்குறிச்சின்னு மட்டும்தான் சொல்றேன்' என்றான். எந்தப் பெயருக்காக நான் ஊர் ஊராகக் கேலி கேட்டேனோ, அந்தப் பெயருக்குப் பின்னால் அவன் ஒளிந்துகொண்டிருந்தான்! தன் குலத்தின் பெயரையே மறைத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு சிறுவனை அந்தச் சிரிப்பு தள்ளியிருந்தது.

அந்தப் பெயரின் வினோதம் வகுப்பறையோடு முடிவதில்லை. தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் 'மலையாளி' என்ற பெயரோடு தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி என்று மாவட்டங்களும் குறிக்கப்பட்டுள்ளன. இவற்றுள் வட ஆர்க்காடும் தென் ஆர்க்காடும் இன்று வரைபடத்தில் இல்லை, பட்டியலில் வாழ்கின்றன. பழைய தென் ஆர்க்காட்டின் வாரிசு என்பதால் எங்கள் மலைப் பிள்ளைக்குச் சான்றிதழ் உண்டு. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகளோ, தம் மாவட்டம் அந்த வரிசையில் இல்லாததால் அவ்வுரிமை கிட்டாமல் நெடுங்காலமாகக் கோரி வந்திருக்கிறார்கள். கேரளத்தில் அதே சொல் கோடிக்கணக்கான மக்களின் பொதுப்பெயர். ஒரே சொல் ஓரிடத்தில் மொழி, ஓரிடத்தில் குலம், ஓரிடத்தில் உரிமை, எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஒன்றுமில்லை.

'நாங்கள்' சிரிப்பு வளர்ந்தால் எங்கே போய் நிற்கும் என்பதை விவிலியம் ஒளிக்காமல் சொல்லுகிறது. நீதித் தலைவர்கள் நூலில், யோர்தான் துறையில் பிடிபட்ட எப்ராயிமியரைக் கிலயாதினர் 'ஷிபோலத்' என்று சொல்லச் சொன்னார்கள். 'சிபோலத்' என்று சொன்னவர் அங்கேயே வெட்டப்பட்டார். மாண்டவர் 42,000 பேர் என்கிறது அந்நூல். தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுருவைக் காட்டிக்கொடுத்ததும் அவருடைய கலிலேயப் பேச்சுத்தான்.

பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. மேலே சொன்ன வாளியை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ச் சொற்களின் முதலில் வரும் பகரம் வல்லோசை பெறும். சிங்களத்து 'பால்தியா'வின் முதலெழுத்தோ மெல்லொலி உடையது. 1983 ஜூலையில் இலங்கையில் வன்முறைக் கும்பல்கள் பேருந்துகளை மறித்து, அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்லித் தமிழரைப் பிரித்தறிந்து கொன்றதாகப் பதிவுகள் உள்ளன. போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற ஒரு வாளியின் பெயரில் உயிர்கள் போயின. கடைவரிசைச் சிறுவனின் கேலிக்கும் அந்தக் கொடுமைக்கும் தொலைவு மிக அதிகம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றே: 'உன் நாக்கு எங்கள் நாக்கு அன்று.'

கோமுகி அணையைத் தாண்டி மலைச்சாலையில் ஏறி, ஒருமுறை சென்னை நண்பர் ஒருவரோடு வெள்ளிமலைப் பக்கம் சென்றிருந்தேன். வழியில் ஒரு சரிவில் பயிர் காற்றில் அலையடித்துக்கொண்டிருந்தது. களையெடுத்துக்கொண்டிருந்த மூதாட்டியிடம் நண்பர், 'இது என்ன புல்லு பாட்டி?' என்று கேட்டார். பாட்டி கண்ணில் நீர் வரச் சிரித்தார். மருமகளைக் கூப்பிட்டுச் சொல்லி மறுபடியும் சிரித்தார். பிறகு, 'புல்லு இல்ல சாமி, சாமை. நீ சோறாப் பாத்திருப்பே, பயிராப் பாத்திருக்க மாட்டே. வா, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ' என்றார். நாங்கள் இருவரும் அந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சாமைச் சோறு உண்டோம். உண்ணும்போது பாட்டி சாமை, தினை, வரகு என்று ஒவ்வொன்றின் கதிரையும் காட்டிப் பெயர் சொல்லிக்கொடுத்தார். நண்பர் தவறாகச் சொன்னபோதெல்லாம் வீடே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். சிரிப்புக்குப் பின்னால் சோறு வந்தது, சோற்றுக்குப் பின்னால் சொல் வந்தது. வகுப்பறைச் சிரிப்புக்குப் பின்னால் வந்தது மௌனம் ஒன்றுதான்.

இன்று நம் ஊர் உணவகங்களிலும் கட்டட வேலைகளிலும் ஒடிசா, சார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள் உழைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நம் ஆலயங்களின் பின்வரிசையிலும் அவர்களில் சிலர் நிற்பதைக் காண்கிறோம். 'நான் வருது', 'அம்மா போறான்' என்று அவர்கள் தமிழைப் புரட்டும்போது நமக்குச் சிரிப்பு வரும். வரட்டும். தமிழின் திணை, பால், எண், இடம் அத்தனையையும் ஒரு வேலைநாளின் இடைவெளியில் கற்பது எளிதன்று. அவர்களுடைய மொழியில் எட்டு வரை எண்ணச் சொன்னால் நம் நாக்கு என்ன பாடுபடும் என்பதையும் நினைத்துக்கொள்வோம். சிரித்து முடித்தபின் சரியான சொல்லைச் சொல்லிக்கொடுத்து, அவர் மொழியில் ஒரு சொல்லைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதை நாம் தவறாகச் சொல்லும்போது அவர் சிரிப்பார். அன்றைக்கு அவரும் 'நாம்' ஆகிவிடுவார்.